ஞாயிறு வரை வராத நாள்

துரோப்பீமுவின் அறைக்குள் மட்டும் நிலாவின் பதினாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை வரை வராது. பிரிகியா மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் சலூதா கிராமத்தில் இதை யாரும் அதிசயமாகப் பேசியதில்லை. வசந்த மாதத்தில் நிலா நிறைகிற பதினாலாம் நாள், அது எந்தக் கிழமையில் விழுந்தாலும் சரி, அன்றைக்கே நோன்பை முடித்து, ஆண்டவர் செத்து உயிர்த்ததை நினைக்கும் பாஸ்கா பண்டிகையைக் கொண்டாடுவது எங்கள் வழக்கம். அப்போஸ்தலன் யோவான் காலத்திலிருந்து அப்படித்தான். துரோப்பீமுவும் இதே ஊர்க்காரன்தான், ஆனால் கம்பளி விற்க நகரத்துக்குப் போய் வந்தவன். போன இடத்தில் பிஷப்பின் சபையில் சேர்ந்துகொண்டான். ஆண்டவர் உயிர்த்தது ஞாயிறு, அதனால் நோன்பு முடிய வேண்டியதும் ஞாயிறுதான் என்று தெரிந்துகொண்டு திரும்பி வந்தான். அவன் பெண்டாட்டி தாத்தியா ஊரோடு நின்றாள். கல்யாணமான முதல் வருஷம் அவள் முற்றத்தில் ஆட்டுக்கறி பரிமாறிக்கொண்டிருந்தபோது அவன் முறுக்கிக்கொண்டு மேற்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். ரொட்டியும் உப்பும் தின்றபடி அங்கேயே கிடந்தான். ஞாயிறு காலையில் வெளியே வந்தபோது கையில் இருந்த மிச்ச ரொட்டியில் சூடு ஆறவில்லை.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் இதே கூத்துதான். ஊருக்குப் பதினாலாம் நாள் பிறந்ததும் மேற்கு அறை பதிமூன்றிலேயே நின்றுவிடும். விளக்கில் எண்ணெய் குறையாது, பால் திரியாது, துரோப்பீமுவின் தாடி ஒரு மயிர் வளராது. பக்கத்து வீட்டு பாபேயிஸ் அவனை விசுவாசத்தை விற்றவன் என்று வாய் கூசாமல் ஏசுவாள். ஏசிவிட்டுத் தன் வீட்டு வெண்ணெயைக் கெடாமல் இருக்க அந்த அறையில் கொடுத்து வைப்பாள். தாத்தியா மட்டும் உள்ளே போகக் கூடாது. ஒரு வருஷம் மறதியாக ஒரு காலை உள்ளே வைத்தாள். அந்தக் கணமே ரொட்டியில் பூஞ்சை பூத்தது, வெண்ணெய் நாறியது.

"உன் காலோட அந்த நாளையும் கூட்டிட்டு வர்றியேடி!" என்று அவன் கத்தினான்.

"நாளு என்ன உங்க வீட்டு நாயா, வாசல்ல கட்டிப்போட?" என்றாள் அவள்.

அவர்கள் சண்டை இந்த மட்டத்தில்தான் இருந்தது. மற்றபடி அன்னியோன்னியமான தம்பதி. மகள் தோம்னா பிறந்தாள். இரண்டு சபையும் உரிமை கொண்டாடியதால் அவளுக்கு எந்தச் சபையிலும் ஞானஸ்நானம் ஆகவில்லை. அதனால் அவள் போன இடத்துக்கு எந்த நாளும் அவளை ஒட்டிக்கொண்டு போகவில்லை. முற்றத்தில் அம்மாவோடு கறி தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் அப்பாவோடு நோன்பும் இருப்பாள், கழுதை.

அவளுக்கு ஐந்து வயதானபோது நகரத்திலிருந்து பிஷப் அனுப்பிய டீக்கன் ஜோத்திகோஸ் ஒரு எண்ணெய்க் குப்பியோடு ஊருக்கு வந்தார். உலகம் முழுக்க ஒரே நாளில் பண்டிகை என்று பிஷப்மார் கூடி முடிவு செய்துவிட்டார்கள், ராஜாவும் சரி என்றுவிட்டார். பழைய நாளைச் சபித்து, நெற்றியில் எண்ணெய் பூசிக்கொண்டால் சபையில் சேர்த்துக்கொள்வார்கள். மாட்டேன் என்றால் கோயிலும் இல்லை, கல்லறைக்கு இடமும் இல்லை. ஜோத்திகோஸ் கெட்டவர் இல்லை. வீடு வீடாக உட்கார்ந்து, கொடுத்த கூழைக் குடித்து, பொறுமையாகப் பேசினார். பாதி ஊர் எண்ணெய் பூசிக்கொண்டது. தாத்தியா அவருக்கும் கூழ் ஊற்றினாள், ஆனால் அசையவில்லை. அவள் அப்பா மானெஸ், பழைய ராஜா காலத்தில் சிலைக்குத் தூபம் போட மறுத்துச் சுரங்கத்துக்குப் போய், ஒரு கண்ணை அங்கே கொடுத்துவிட்டு வந்தவர். சங்கிலியோடு கிடந்தபோதும் சுவர் ஓட்டையில் நிலாவைப் பார்த்து நாள் எண்ணிப் பதினாலாம் நாள் நோன்பு முடித்தவர். அவரை எப்படிச் சபிப்பது?

அந்த வருஷம் நிலா திங்கட்கிழமை நிறைந்தது. நோன்பு வாரத்திலேயே தோம்னாவுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. பதினாலாம் நாள் காலை, முற்றத்தில் அம்மா மடியில் குழந்தை செத்துப்போனது. தாத்தியா அழவில்லை. எழுந்து நேரே மேற்கு அறை வாசலுக்குப் போய், குழந்தையின் உடம்பை நீட்டி, "பிடிங்க" என்றாள். துரோப்பீமு வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினான். உள்ளே இன்னும் பதிமூன்றாம் நாள். குழந்தை கண்ணைத் திறந்து, அத்திப்பழம் வேண்டும் என்றது.

இதில் ஊருக்கு ஆச்சரியம் ஏதுமில்லை. வெண்ணெய்க்கு நடந்தது குழந்தைக்கும் நடந்தது. ஆனால் ஞாயிறு வந்தால் பதினாலாம் நாள் உள்ளேயும் வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தாத்தியா வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இருந்தது, ஆனாலும் உயிர் இருந்தது, பேச்சு இருந்தது.

"அம்மா, ஏன் அங்கயே உக்காந்திருக்க?"

"எனக்கு உள்ள வர ஆகாதுடி கண்ணு."

"அப்பா கை சொரசொரன்னு இருக்கு. நீ தூக்கு."

தாத்தியா இரண்டு கையையும் பிடரிக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். நீட்டிவிடுவோமோ என்ற பயம். பாபேயிஸ் கூழ் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் போனாள். அவள் வாயைத் திறக்காமல் போனது அந்த ஒரு தடவைதான்.

புதன்கிழமை டீக்கன் வந்தார். உள்ளே குழந்தையைப் பார்த்தார், வெளியே தாயைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டார். அவர் சொன்னதை மனசார நம்பித்தான் சொன்னார்.

"தாயி, உங்க பதினாலாம் நாள் ஆண்டவர் செத்த நாள். நீங்க சாவைக் கொண்டாடுறீங்க. எங்க ஞாயிறு உயிர்த்தெழுந்த நாள். இந்த வீடு முழுசும் ஒரே மனசா ஞாயித்துக்குப் போய்ச் சேர்ந்தா, அந்த நாள்ல யாரு சாவா?"

"புள்ள பொழைக்குமா சாமி?"

"வீட்டுல ரெண்டு நாள் இருக்கிறதுதானே நோய். ஒண்ணாகட்டும்."

தாத்தியா புருஷனைப் பார்த்தாள். அவன் குழந்தையை மார்போடு அணைத்தபடி, "வந்துடு தாத்தியா, உள்ள வந்துடு" என்றான். அவனும் நம்பினான். நம்பாமல் என்ன செய்வான், பாவம்.

சபையில் சேர்க்கிற சடங்கு முற்றத்திலேயே நடந்தது. பதினாலாம் நாளைக் கொண்டாடுகிறவர்கள் எல்லாரும் சபிக்கப்பட்டவர்கள் என்று அவள் சொன்னாள். பெயர் சொல்ல வேண்டும் என்றார் டீக்கன், பொதுப்படையாகச் சொல்வது செல்லாது.

"எங்கப்பா" என்றாள்.

"பேரு, தாயி."

"மானெஸ். மானெஸ் சபிக்கப்பட்டவர்."

நெற்றி, கண், மூக்கு, வாய், காது என்று அவர் எண்ணெய் தொட்டுவைத்தார். தாத்தியா எழுந்தாள், வாசற்படியைத் தாண்டினாள். ரொட்டி பூஞ்சை பிடிக்கவில்லை, விளக்கு அப்படியே எரிந்தது. துரோப்பீமு வாய்விட்டுச் சிரித்தேவிட்டான். அவள் மகளை வாங்கி, காய்ச்சல் சூட்டோடு கழுத்தில் சாய்த்துக்கொண்டாள். "வந்துட்டியா" என்றது குழந்தை.

அப்புறம்தான் நாள் உள்ளே வந்தது. யாரும் தள்ளவில்லை, தானாக வந்தது. பதினாலாம் நாளை வாசலில் நிறுத்தி வைத்திருந்தது துரோப்பீமுவின் பக்தி என்றுதான் இத்தனை வருஷமும் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்படியில்லை. கயிற்றை இருவர் இருபுறமும் இழுத்துப் பிடித்திருந்தார்கள், அந்த இழுப்பில்தான் அறை நின்றது. ஒருத்தி விட்டுவிட்டாள். விலகி நிற்பதற்கு ஆள் இல்லாத வீட்டில் ஒரு நாள் எதற்காகத் தனியாகக் காத்திருக்க வேண்டும்? துரோப்பீமுவின் முகத்தில் மூன்று நாள் தாடி முளைத்தது. தாத்தியாவின் கழுத்தில் குழந்தையின் மூச்சுச் சூடு குறைந்துகொண்டே வந்து, நின்றது.

டீக்கன் குப்பியைக் கையில் பிடித்தபடி, "ஞாயிறு இன்னும் வரலையே... இன்னும் வரலையே" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

தாத்தியா அவரைக் கேட்டாள்: "ஒண்ணாகட்டும்னு சொன்னீங்களே சாமி. ஆயிடுச்சா?"

தாய் சபையில் சேர்ந்துவிட்டதால் குழந்தைக்குக் கல்லறையில் இடம் கிடைத்தது. அடக்கத்துக்கு எண்ணெய் பூசியவர்கள் வந்தார்கள். பூசாதவர்கள், மானெஸைச் சபித்த வாய் இருக்கும் வீட்டுக்கு வரமாட்டோம் என்றுவிட்டார்கள். ஞாயிறன்று தாத்தியா கோயிலுக்குப் போனாள், எல்லோரோடும் பாடினாள், கொடுத்த கறியைத் தின்றாள். அவள் மேல் குற்றம் சொல்ல ஒருவராலும் முடியாது.

அடுத்த வருஷத்துக்குள் மிச்சம் இருந்தவர்களும் ஒவ்வொருவராகப் பூசிக்கொண்டார்கள். பாபேயிஸ்தான் கடைசி. நிலா அந்த வருஷம் வியாழக்கிழமை நிறைந்தது. அன்று துரோப்பீமு ஒரு ஆட்டை இழுத்து வந்து முற்றத்தில் கட்டினான். தாத்தியாவின் எதிரே தரையில் உட்கார்ந்து, அவள் பாதத்தைத் தொட்டான்.

"என்கூடச் சண்டை போடு, தாத்தியா. இன்னைக்குத்தான் பண்டிகைன்னு சொல்லு. என்னைத் திட்டு. நான் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறேன். எங்கயாவது ஒரு ஓரத்துல ஒரு நாளாவது நிக்காதா?"

அவள் மனதுக்குள் எங்கெங்கோ தேடிப் பார்த்திருக்க வேண்டும்.

"என்ன சொல்லித் திட்ட? நீங்க சொல்றதுதானே சரி" என்றாள்.

அவன் ஆட்டை அவிழ்த்துவிட்டான். மறுநாள் பொழுது விடிந்தபோது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும், எல்லா அறையிலும், வெள்ளிக்கிழமை.