வயர்லெஸ் திருப்பிச் சொன்னது

சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை என்று யாரையாவது திட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கிளி சும்மா சொல்கிறது. வயர்லெஸ் காரணத்தோடு சொல்பவர்.

பட்டாளத்தில் இருந்த காலம் முழுக்க அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு செய்தி வாங்கிய மனிதர். பெயரே அப்படித்தான் நிலைத்துவிட்டது. அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. அந்தப் பக்கம் என்ன சொன்னாலும் கேட்டவன் அதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவன் ‘சரி’ என்ற பிறகுதான் மேற்கொண்டு பேச்சு. இரைச்சலில் ஏதாவது விட்டுப்போனால், கூச்சப்படாமல், கடைசியாகக் காதில் விழுந்த வார்த்தையைச் சொல்லி, “‘பாலத்து’க்கு அப்புறம் மறுபடி சொல்லுங்க” என்று கேட்டுவிட வேண்டும். ஒருநாள் மேலதிகாரி தூக்கக் கலக்கத்தில் மேற்குப் பாலம் வழியாக வண்டியை அனுப்பச் சொன்னார். இவர் “மேற்குப் பாலம்” என்று திருப்பிச் சொன்னதும், “ஐயையோ, கிழக்குய்யா, கிழக்கு!” என்று அந்தப் பக்கம் அலறியது. மேற்குப் பாலத்துக்கு அடியில் வெடி வைத்திருந்தார்கள். லாரி நிறைய ஆட்கள் அன்றைக்கு உயிரோடு வந்து சேர்ந்தார்கள். அந்த லாரியை ஓட்டியவர் பெயர் அன்றிலிருந்து இன்றுவரை லாரிதான். இந்தக் கதையிலும் அவர் வருகிறார்.

பட்டாளம் விட்டது, பழக்கம் விடவில்லை. “வரும்போது சோப்பும் பல்பும் வாங்கிட்டு வாங்க” என்பாள் மனைவி. “வரும்போது சோப்பு, பல்பு” என்பார் இவர்.

“ஒரு தடவை சொன்னா போதாதாங்க? இதுக்கு நான் சுவத்துக்கிட்ட பேசலாம். சுவராவது திருப்பிச் சொல்லாது.”

இப்படித் திருப்பிச் சொல்வதைத் தவிர, சொந்தமாக வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டார். அவளுடைய குறையே அதுதான். அவளுக்கு ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரிப் பிரிவில் வேலை. ஒருநாள் சமூகக் கூடத்துத் திரைச்சீலை அங்கே வெளுக்க வந்தது. அதைக் கொண்டுவந்த பெண், ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர்களும் இளம் நடிகர்களும் சேர்ந்து நாடகம் போடப்போவதாகவும், வயசானவர்கள் பக்கம் ஆள் குறைகிறது என்றும் சொன்னாள். “எங்க வீட்ல ஒண்ணு சும்மாதான் இருக்கு, எடுத்துட்டுப் போ” என்றாள் இவள். வயர்லெஸ் நடிகரான கதை இவ்வளவுதான்.

கூடம் ஒரு காலத்தில் சிமெண்டு கிடங்கு. மேலே தகரக் கூரை. எத்தனை தரம் பெருக்கினாலும் மூலையில் சாம்பல் நிறத் தூசி இருக்கும். ஒத்திகை நாளில் பட்டாளத்துக்காரர்கள் முன்னதாகவே வந்து நாற்காலிகளை நூல் பிடித்த மாதிரி வரிசை போட்டுவிடுவார்கள். இளசுகள் ஆடி அசைந்து வந்து, அவற்றைத் தரதரவென்று இழுத்து வட்டமாக்குவார்கள். முதல் வாரங்களில் இதற்கே சண்டை. அப்புறம் ஒரு சமாதானம் ஏற்பட்டது. வட்டமே இருக்கட்டும், ஆனால் பட்டாளத்துக்காரர்கள் அளந்து போடும் வட்டம்.

நாடகத்தை எல்லாரும் சேர்ந்துதான் கட்டினார்கள். ஒரு ரயில் நிலையம். சின்ன வயதில் பிரிந்த அப்பாவைத் தேடி ஒரு பெண் போட்டோவோடு நிற்கிறாள். போர் முடிந்து ரயிலில் வந்து இறங்கும் பட்டாளத்துக்காரர் ஒவ்வொருவரிடமும் அப்பாவைப் பற்றிக் கேட்கிறாள். கடைசி வண்டியில் இறங்கும் மனிதரிடம் “நீங்க யாரு?” என்கிறாள். “நான்தாம்மா. வந்துட்டேன்” என்கிறார் அவர். திரை. அந்தப் பெண்ணாக நடித்தவள் கைபேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்பவள். ஆள் கெட்டிக்காரி, குரல்தான் தொண்டையை விட்டு வெளியே வர யோசிக்கும். குருவி என்று கூப்பிட்டார்கள். அப்பா வேஷம் வயர்லெஸுக்கு. அந்த முகத்தில் வசனமே தேவையில்லை என்றாள் சலவைக்குத் திரைச்சீலை கொண்டுவந்த பெண். அவள்தான் டைரக்டர்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது ஒத்திகையில்.

“நீங்க யாரு?” என்றாள் குருவி.

“நீங்க யாரு? நான்தாம்மா. வந்துட்டேன்” என்றார் வயர்லெஸ்.

கூடமே சிரித்தது. பெற்ற மகளைப் பார்த்து நீ யார் என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில் வந்துட்டேன் என்கிற அப்பாவை எங்கே பார்க்க முடியும்? மறுபடி செய்தார்கள். மறுபடியும் அதேதான். வாயில் மிட்டாயைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள் டைரக்டர். மிட்டாயோடு சேர்த்துத் திருப்பிச் சொன்னார். மனசுக்குள் சொல்லிக்கொள்ளச் சொன்னாள். சொன்னார், உதடு அசைந்தது. குருவிதான் சிரித்துக்கொண்டே, “நான் ‘சரி’ சொல்லாம அங்கிள் அடுத்ததுக்குப் போகமாட்டாரு” என்று கண்டுபிடித்துச் சொன்னாள்.

நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது டைரக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். நகத்தைக் கடித்துக்கொண்டே பேசினாள்.

“சார், கோவிச்சுக்காதீங்க. அப்பா வேஷம் லாரி சார் பண்ணட்டும். நீங்க ஸ்டேஷன்ல கொடி காட்டுங்க. வசனம் இல்ல.”

வயர்லெஸ் எழுந்து நின்றார். “அப்பா வேஷம் லாரிக்கு. நான் கொடி. வசனம் இல்ல” என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். பாவம், அவள்தான் தலையைக் குனிந்துகொண்டு ‘சரி சார்’ சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிடுவது என்றுதான் வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். இஸ்திரிப் பிரிவு மொத்தமும் வருகிறதாம். ஷிஃப்ட் மாற்றிக்கொண்டார்களாம். சூப்பர்வைசரும் வருகிறாராம். ‘எங்க வீட்டுக்காரர்தான் கதாநாயகிக்கு அப்பா, கடைசி வசனமே அவருதுதான்’ என்று சலவை நிலையத்தில் தண்டோரா போட்டிருந்தாள். இயந்திரங்களிடம் மட்டும்தான் சொல்லவில்லை போலிருக்கிறது.

“வசனமெல்லாம் மனப்பாடமா?” என்று கேட்டாள்.

“வசனமெல்லாம் மனப்பாடம்” என்றார். அதில் பொய் இல்லை.

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி அந்த வாரம் கழிந்தது. வேஷம் போனதில் அவருக்குப் பெரிய வருத்தம் இல்லை. பட்டாளத்தில் எத்தனையோ போயிருக்கிறது. ஆனால் இத்தனை வருஷமாகச் சுவரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு, தன் புருஷன் நாலு பேர் முன்னால் சொந்த வாயால் ஒரு வார்த்தை சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஆசை. அந்த ஆசை எப்போது தன்னையும் தொற்றிக்கொண்டது என்று அவருக்கே தெரியவில்லை. இப்போது அவள் ஊரைக் கூட்டி வந்து, இவர் கொடியோடு ஊமையாக நிற்பதைப் பார்க்கப்போகிறாள்.

நாடகத்தன்று சாயங்காலம் கூடம் நிரம்பிவிட்டது. முன்வரிசை முழுக்க இஸ்திரிப் பிரிவு. நடுவில் மனைவி, பக்கத்தில் அவளுடைய தங்கை. மச்சினி திரை இடுக்கில் இவரைப் பார்த்து, “மாமா, கலக்குங்க!” என்று கத்தினாள். வயர்லெஸ் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

திரை விலகியதும் வானம் பொத்துக்கொண்டது.

தகரக் கூரையில் மழை எப்படி விழும் என்று அதன் கீழே உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். ஜல்லியைக் கொண்டுவந்து தலைமேல் கொட்டுகிற மாதிரி ஒரே இரைச்சல். மைக் கிடையாது. மைக் வைத்தால் நடிப்பு செத்துப்போகும் என்பது டைரக்டரின் கொள்கை. குருவி மேடை நடுவில் நின்று வாயைத் திறந்தாள், மூடினாள். அவ்வளவுதான் ஜனங்களுக்குத் தெரிந்தது.

“கேக்கல!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “வாயத் தொறந்து பேசும்மா!” என்று இன்னொன்று. குருவி மறுபடி சொன்னாள். குரல் கீறிக்கொண்டு பாதியில் நின்றது. நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. பின்வரிசை எழுந்துகொண்டிருந்தது. பக்கத் திரைக்குப் பின்னால் டைரக்டர் அழுதுகொண்டே, திரையை மூடிவிட, கயிற்றில் கை வைத்துவிட்டாள்.

வயர்லெஸ் குருவிக்கு நாலடி தள்ளி நின்றிருந்தார். இரைச்சலுக்கு நடுவே ஒரு குரலை மட்டும் பொறுக்கி எடுப்பதற்குத்தான் அவருக்கு அந்தக் காலத்தில் சம்பளம் கொடுத்தார்கள். காது அவரைக் கேட்காமலே பொறுக்கியது. வாயும் அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது.

“எங்க அப்பா. எந்த வண்டியில. வராரு.”

கத்தவில்லை. நெஞ்சிலிருந்து, ஒவ்வொரு வார்த்தையாக, மழைக்கு நடுவில் இடம் பார்த்து வைத்தார். கடைசி வரிசை வரைக்கும் போய் விழுந்தது. எழுந்தவர்கள் நின்றார்கள்.

சொன்ன மறுகணம்தான் அவருக்கு உறைத்தது. வசனம் இல்லை என்று உத்தரவு. அதைத் தானே திருப்பிச் சொல்லி, சரி வாங்கிக்கொண்டு வந்தவர். நாக்கைக் கடித்துக்கொண்டு கொடியைப் பார்த்தார்.

ஆனால் குருவி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒத்திகை முழுக்கச் சிரித்தவள் இப்போது சிரிக்கவில்லை. மெதுவாகத் தலையை ஆட்டி, “சரி” என்றாள். அடுத்த வசனத்தை அவரைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் திருப்பிச் சொன்னார். அவள் சரி என்றாள்.

வண்டியிலிருந்து இறங்கிய பட்டாளத்துக்காரர்களுக்கு விஷயம் புரிய வெகுநேரம் ஆகவில்லை. அடுத்த வசனத்தைக் குருவி சொன்னதும் வயர்லெஸோடு லாரியும் சொன்னார். அதற்கடுத்ததை வரிசையில் நின்ற அத்தனை பேரும் சொன்னார்கள். பெட்டி தூக்குகிறவர்களாக நடித்த இளசுகள் சும்மா இருப்பார்களா? பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். டைரக்டர் கயிற்றை விட்டுவிட்டு மறைவிலிருந்து கூடவே கத்தினாள். ஒரு பெண் தனியாகக் கேட்கும் கேள்வியை ஒரு ஸ்டேஷனே திருப்பிக் கேட்டது. ஒத்திகையில் ஒருநாளும் கிடைக்காத உயிர் நாடகத்துக்கு வந்துவிட்டது.

நடுவில் ஒரு இடி. குருவியின் வசனம் அதில் அடிபட்டுப்போயிற்று. வயர்லெஸுக்கே பிடிபடவில்லை. அப்போது முன்வரிசையில் ஒருத்தி எழுந்து நின்றாள்.

“‘அப்பா’வுக்கு அப்புறம் மறுபடி சொல்லு!”

அவர் மனைவி. வீட்டில் கேட்டுக் கேட்டுக் காது புளித்த பாடமாயிற்றே, வராமல் எங்கே போகும்? சபை சிரித்தது. குருவி மறுபடி சொன்னாள். இந்தத் தடவை மேடையோடு சேர்ந்து முன்வரிசை திருப்பிச் சொன்னது. அதற்குப் பிறகு எது மேடை, எது சபை என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

கடைசி வண்டி வந்தது. லாரி இறங்கினார். குருவி போட்டோவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். லாரி ஒரு விநாடி நின்றார். பிறகு நேராக வயர்லெஸ் பக்கம் நடந்து வந்து, தன் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்தார்.

“கிழக்குப் பாலத்துக்கு இது, மச்சான்” என்று காதோடு சொல்லிவிட்டு, கொடியைப் பிடுங்கிக்கொண்டு ஒதுங்கினார்.

குருவி திரும்பினாள். போட்டோவை வயர்லெஸ் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

“நீங்க யாரு?”

“நீங்க யாரு?” என்று கூடம் மொத்தமும் திருப்பிக் கேட்டது. தகரமே அதிர்ந்தது.

வயர்லெஸ் வாயைத் திறந்தார். திருப்பிச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அதை இத்தனை பேர் சொல்லியாயிற்று. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வேலை அவருக்கு இல்லை. முன்வரிசையைப் பார்த்தார். மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நான்தாம்மா” என்றார். “வந்துட்டேன்.”

“நான்தாம்மா. வந்துட்டேன்” என்றது கூடம்.

அவர் காத்திருந்து, கடைசிக் குரல் ஓயும்வரை கேட்டுவிட்டு, “சரி” என்றார்.

கைதட்டலில் மழைச் சத்தம் கேட்கவில்லை. டைரக்டர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “சார், இனிமே மழை இல்லன்னாலும் நாடகம் இப்படித்தான். அப்பா நீங்கதான்” என்றாள். “மழை இல்லன்னாலும் இப்படித்தான். அப்பா நான்தான்” என்றார். இந்த முறை அவள் தலை நிமிர்ந்து, கூடம் கேட்க “சரி சார்!” என்றாள். லாரி கொடியை விடவே இல்லை. பார்க்கிறவர்களுக்கெல்லாம் பச்சை காட்டிக்கொண்டிருந்தார்.

வாசலில் மழை சன்னத் தூறலாகியிருந்தது. இஸ்திரிப் பிரிவு ஒவ்வொருத்தராக அவரிடம் வந்து பேசிவிட்டுப் போயிற்று. சூப்பர்வைசர் கை கொடுத்தார். எல்லாரும் போன பிறகு மனைவி குடையை விரித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தைத் தெருப்பக்கம் வைத்துக்கொண்டு சொன்னாள்.

“ரொம்ப நல்லா பேசினீங்க.”

ஒரு எழுத்து விடாமல் அவர் காதில் விழுந்தது. இரைச்சலே இல்லை. குடையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

“‘ரொம்ப’வுக்கு அப்புறம் மறுபடி சொல்லு” என்றார்.

ஒரு தடவை சொன்னா போதாதா என்று இத்தனை காலம் சலித்துக்கொண்டவள், எதிர்சாரியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அதை மறுபடி சொன்னாள்.