ஒரு ஷிப்ட் தாமதம்

நெய்வேலி டவுன்ஷிப்பில் இசக்கிமுத்துவின் மகள் விஜயகுமாரி காலை எட்டு மணிக்கு வாசிக்கும் வயலின், சாயங்காலம் நாலு மணிக்குத்தான் காதில் விழும். பிளாக்கில் யாரும் இதற்காக வாய் பிளந்ததாகத் தெரியவில்லை. சுரங்கத்துச் சம்பளக்காரர்கள் ஊரில் எல்லாமே ஒரு ஷிப்ட் தள்ளித்தான் நடக்கும். தலைதீபாவளி மாப்பிள்ளையே டூட்டி முடிந்து வந்துதான் எண்ணெய் தேய்த்துக்கொள்வார். வயலினுக்கு மட்டும் என்ன தனிச்சட்டம்?

காரணமும் ஊரறிந்ததுதான். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பார்த்த இசக்கிமுத்து, பகல் வெயிலுக்குப் பயந்து, அடுத்தவர் நைட் ஷிப்ட்டையும் கேட்டு வாங்கிக்கொள்கிற அபூர்வப் பிறவி. நைட் முடித்துத் தூங்குகிறவரை எழுப்பக்கூடாது என்பது குவார்ட்டர்ஸில் எழுதாத சட்டம். அவர் படுத்துவிட்டால் அந்த வரிசையில் குக்கர்கூட விசிலை விழுங்கிவிடும். பக்கத்து வடக்குத்து கிராமத்திலிருந்து வரும் கீரைக்கார ஆதிலட்சுமி கூவாமல், கீரைக்கட்டைத் தூக்கிக் காட்டிவிட்டு நடப்பாள். எழுபத்திரண்டாம் வருஷம், எதிர் வரிசை ருக்குமணி டீச்சரிடம் வயலின் கற்றுக்கொள்ள ஆரம்பித்த பத்து வயதுப் பெண்ணிடம் அம்மா பார்வதி சொன்னது இவ்வளவுதான்: "வாசி. ஆனா சத்தம் வரப்படாது." பெண் சொன்ன பேச்சைக் கேட்டாள்; வயலினும் கேட்டது. வில் கம்பியில் நன்றாக அழுந்தி ஓடும், ஒரு முனகல் வராது. நாலு மணிக்கு அவள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கும்போது, காலையில் உட்கார்ந்திருந்த மூலையிலிருந்து வர்ணம் புறப்பட்டு வரும், காலையில் விட்ட தப்புகளும் கூடவே.

இசக்கிமுத்து எழுந்து காப்பி கேட்பதும் அந்த நாலு மணிக்குத்தான். "எவ அது, ரேடியோவ இம்புட்டு சத்தமா வைக்கது?" என்பார். "எங்க வீட்டு ரேடியோதாண்ணே" என்று பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி பழியை ஏற்றுக்கொள்வாள். அவள் வீட்டில் ரேடியோவே கிடையாது. இப்படியே ஒன்பது வருஷம் ஓடியது. மகள் சுவரைப் பார்த்துக் கையை ஆட்டுகிறாள் என்பதுதான், கண் அயருமுன் அவர் கண்ட சங்கீதம். எண்பத்தொன்றில் முடிவாகச் சொல்லிவிட்டார்: "அந்தப் பெட்டியிலருந்து ஒரு நாள் ஒரு சத்தம் வந்ததில்ல. நவராத்திரிக்குப் பிள்ளையார் கோயில்ல வாசிக்கப் போறாளாம்லா? நாலு பேரு கேட்டாச் சரி. இல்லன்னா பெட்டிய வித்துட்டு, தை மாசம் அத்த மகனுக்குக் கட்டிக் கொடுத்துருவேன்." அத்தை மகன் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன், சங்கீதம் என்றால் மைக்செட் என்று நினைக்கிற சாதுவான பையன்.

கச்சேரி மாலை ஐந்துக்கு. ஒரு ஷிப்ட் கணக்குப் போட்டு, விஜயகுமாரி காலை ஒன்பதுக்கே கோயில் பந்தலில், கோலம் போடும் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து முழுக் கச்சேரியையும் வாசித்து முடித்துவிட்டாள். மாலையில் பட்டுப்புடவையோடு மேடையேறி, வயலினை மடியில் கிடத்திக்கொண்டு காத்திருந்தாள். ஐந்தானது, ஐந்தரையும் ஆனது. வடலூரிலிருந்து வந்திருந்த மிருதங்கம் பெரியண்ணன் வெறும் காற்றுக்கு வாசித்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கோயில் செயலாளர் சண்முகசுந்தரம் மைக்கைத் தட்டி, சுண்டல் தயார் என்று அறிவித்தார். முன்வரிசையிலிருந்து, மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் ராயப்பன் குரல் கொடுத்தான்: "இன்னா பாப்பா, சும்மா குந்திகினு கீற? உன் வயலினுக்கு ரிலீவர் வர்லியா?"

பந்தல் சிரித்த சிரிப்பில்தான் விஜயகுமாரிக்கு உறைத்தது. இன்றைக்குக் காலையில் அப்பாவை மாற்றிவிட வேண்டிய ரிலீவர் உண்மையிலேயே வரவில்லை. காலை ஷிப்ட்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு மூணு மணிக்குத்தான் வந்து படுத்தார். அப்படியானால் வயலின் இத்தனை வருஷமும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவர் எழுந்திருப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. மேடையிலிருந்து இறங்கினாள், செருப்பைக்கூடத் தேடாமல் வீட்டுக்கு ஓடினாள். புஷ்பவல்லி பின்னாலேயே போனாள். விவரம் தெரிய வேண்டாமா?

குவார்ட்டர்ஸ் கட்டிய நாளிலிருந்து நடக்காத காரியம் அப்போது நடந்தது. தூங்குகிறவரின் தோளைப் பிடித்து மகள் உலுக்கினாள். "அப்பா, எந்திரிங்க!" சுரங்கத்தில் நிலக்கரி பற்றிக்கொண்டது என்று நினைத்து இசக்கிமுத்து துள்ளி எழுந்தார். கால் தரையில் பட்டதுதான் தாமதம், இரண்டு தெரு தள்ளிக் கோயில் ஒலிபெருக்கியில் வயலின் ஆரம்பித்தது.

"ஏட்டி, புஷ்பவல்லிய ரேடியோவக் குறைக்கச் சொல்லு."

"அது ரேடியோ இல்லப்பா. நான்."

"நீ இங்கல்லா நிக்க?"

"காலையிலயே வாசிச்சிட்டேன். நீங்க எந்திரிச்சாத்தான் கேக்கும்."

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப தெனமும் நாலு மணிக்குக் கேட்டது?"

"எங்க வீட்ல ஏதுண்ணே ரேடியோ?" என்றாள் வாசலில் நின்ற புஷ்பவல்லி.

இசக்கிமுத்து முகம்கூடக் கழுவவில்லை. வேட்டியை இறுக்கிக்கொண்டு மகளோடு நடந்தார். பந்தலில் காலி ஜமுக்காளத்தைப் பார்த்துப் பெரியண்ணன் வேர்க்க விறுவிறுக்க வாசித்துக்கொண்டிருந்தார். சுண்டல் கையோடு ஜனம் அசையாமல் இருந்தது. ஆரபி ராகத்தில் ஓரிடம் வந்தபோது, முன்வரிசையில் போய் உட்கார்ந்திருந்த இசக்கிமுத்து, பக்கத்திலிருந்த ராயப்பனின் தொடையில் தட்டினார். "போன மாசம் பூரா இந்த இடத்துலதான் வழுக்கிக்கிட்டே இருந்தா. இப்பப் பாரும், நின்னுட்டா."

தை மாசம் அத்தை மகனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. இசக்கிமுத்து போய் மொய் எழுதிவிட்டு வந்தார். விஜயகுமாரி வானொலித் தேர்வுக்குப் புதுச்சேரி போனபோது லீவு போட்டுக்கொண்டு கூடப் போய், லாட்ஜில் ஒரு தூக்கம் போட்டு, சொன்ன நேரத்துக்கு எழுந்தார்; பெண் தேறினாள். பிறகு சிதம்பரம், கும்பகோணம், எண்பத்தாறில் மெட்ராஸ். அந்தந்த ஊர் சபாக்காரர்கள் மேடைக்குப் பின்னால் கயிற்றுக் கட்டிலும் மின்விசிறியும் போட்டுக் கொடுத்தார்கள். ரிட்டயர் ஆனதும் அவருக்கு இதுவே பெர்மனென்ட் வேலையாகிவிட்டது. கச்சேரி நோட்டீஸில் நேரம் போடும் இடத்தில் "மாலை, திரு. இசக்கிமுத்து கண் விழித்ததும்" என்று அச்சடிப்பார்கள். ஜனம் வந்து உட்கார்ந்து, விசிறிக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். திரைக்குப் பின்னால் கட்டில் கிரீச்சிட்டால் பேச்சை நிறுத்திக்கொள்ளும்.