க்ரூவின் உடலும் மற்றவர்களின் தலையும்

அங்கி முதன்முறை காகிதத்திலிருந்து வழுக்கி விழுந்தபோது பட்டறையில் இருந்தவர்கள்: ஓவியர் ஃபிர்மேன் லசால், அவர் தங்கை பெர்ரின், மேடையில் அம்மணமாக நின்ற தண்ணீர் சுமப்பவன் க்ரூ. கணப்பும் இருந்தது, விறகு இல்லை. வரைந்துகொண்டிருந்தது கைதூக்கிச் சத்தியம் செய்யும் ரோமாபுரிச் செனட்டரை. முதலில் உடல், பிறகுதான் அதன்மேல் உடை. பாரிஸில் எல்லாப் பட்டறையிலும் அதுதான் முறை. கரியால் வரைந்த அங்கி தோளிலிருந்து நழுவி, காகிதத்தின் அடியில் தூசியாகக் குவிந்தது. பெர்ரின் பெருக்கித் தள்ளினாள்.

எங்கள் வட்டாரப் புரட்சிக் குழுவின் கூடத்துக்கான படம் அது. யார் தலைவரோ அவர் முகம்தான் செனட்டருக்கு வேண்டும் என்றார்கள். லசால் வரைந்தார், அங்கி நிற்கவில்லை. அந்தத் தலைவரைத் தலைவெட்டும் கில்லட்டினுக்கு அனுப்பினார்கள். காய்ந்த ரொட்டித் துணுக்கால் அவர் முகத்தைத் தேய்த்து அழித்துவிட்டு, அடுத்தவரை வரைந்தார். அவரும் போனார். கரியை மாற்றினார், காகிதத்தை மாற்றினார், பெர்ரினைத் திட்டினார். குளிர்காலங்கள் போயின, படம் நகரவில்லை. தூக்கிய கை சோராமலிருக்க விட்டத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி, க்ரூ அந்த ரொட்டியையே பார்த்து நின்றான். வெளியே ஊரே ரொட்டிக்கு வரிசையில் நின்றது.

"என் உடம்புக்கு என் தலையத்தான் வச்சுப் பாருமே."

"உன் மூஞ்சியப் பாத்து எவன்டா சத்தியம் பண்ணுவான்?"

"என் தொடையப் பாத்துப் பண்ணுவானா?"

மறுநாள் குழு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியது. இனியும் இழுத்தடித்தால் துரோகி என்று பெயர் வரும். ஆத்திரத்தில் லசால் க்ரூவின் முகத்தையே வரைந்தார். அங்கி நின்றது. ஒரு மடிப்புகூடக் கலையவில்லை.

"அண்ணே, அப்படியே விட்டுடு," என்றாள் பெர்ரின்.

"விட்டா என் தலை போயிடும்."

ரொட்டியை எடுத்து க்ரூவின் முகத்தை அழித்து, இப்போதைய தலைவரின் முகத்தை வைத்தார். அங்கி மறுபடி நழுவியது. இம்முறை காகிதத்தின் அடியில் தங்காமல் மேசையில் வழிந்து, தரையைக் கடந்து, மேடையேறி க்ரூவின் தோளில் படிந்தது. அளவு சரியாக இருந்தது. அவன் கயிற்றை விட்டான். இறங்கி வந்து மீதி ரொட்டியைத் தின்றான்.

"நாளைக்கு யாருய்யா நிக்கிறது?" என்றார் லசால்.

"நீரே நில்லும்."

வாளிகளை எடுக்காமலே க்ரூ வெளியேறினான். தெருவில் வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். லசால் சட்டையைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். குளிர் உள்ளே வருகிறதென்று பெர்ரின் கதவைச் சாத்திப் பூட்டினாள்.