மூன்றாம் பாகத்தில் டிராகன் செத்துவிடும்

கல்லூரி அரங்கின் திரைச்சீலையை எரித்தது நான்தான். மறுக்க வழியில்லை, அரங்கு நிறைய சாட்சிகள், அதில் பாதிப்பேர் போனில் படமும் எடுத்திருக்கிறார்கள். டிராகன் எப்படி நெருப்புக் கக்கும் என்று காட்டப்போனேன். ஒரு தட்டில் மாவைக் குவித்துத் தீக்குச்சியை வைத்தேன். மாவு கறுத்ததே தவிர எரியவில்லை. அதே மாவைக் குழாயில் அடைத்து மெழுகுவர்த்திச் சுடர்மேல் ஊதினேன். புஸ்ஸென்று ஒரு நெருப்புப் பந்து. குவிந்து கிடந்தால் சோம்பேறி, தூளாகப் பறந்தால் ராட்சசன். மேற்பரப்பு கூடக்கூட எரிவதும் கூடும் என்பதுதான் பாடம். ஒரு கைப்பிடி மாவுதான் கணக்கு. கைதட்டல் கேட்டதும் இரண்டாவது கைப்பிடியைப் போட்டேன். கைதட்டல் கேட்டால் என் கை என் பேச்சைக் கேட்காது.

திரை எரிந்தது. பக்கத்தில் மாட்டியிருந்த நிறுவனர் படத்தில் ஒரு புருவமும் அரை மீசையும் பொசுங்கின. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. கூரையில் இருந்த தீயணைப்புக் குழாய் தண்ணீர் பீய்ச்சி அடித்தபோதுகூட, அதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்துப் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். மறுநாளிலிருந்து என் பெயர் 'சாம்பல் சார்'.

பெயர் போனால் போகிறது. வகுப்பு போனதுதான் வயிற்றெரிச்சல்.

எங்கள் கல்லூரியில் முதல் பருவம் முடியும்வரை பிள்ளைகள் எந்தத் துறை என்று முடிவு செய்ய வேண்டாம். எல்லாவற்றையும் கொஞ்சம் ருசி பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்கலாம். ருசி பார்க்க வைப்பதற்குத்தான் ஆளில்லாமல் இருந்தது. ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒருவர் வந்து தன் துறையின் பெருமையை வாசித்துவிட்டுப் போவார். பிள்ளைகள் மேசைக்கடியில் கதைப்புத்தகம் படித்துக்கொண்டிருப்பார்கள். எல்லோர் மடியிலும் ஒரே கதை. ஒற்றைக்கண் டிராகன் ஒன்றின் கதை. ஆறு பாகம், ஒவ்வொன்றும் தலையணை கனம். பிள்ளைகள் அந்த டிராகனைச் செல்லமாகக் 'கிழவி' என்பார்கள்.

நான் இயற்பியல்காரன். மேசைக்கடியில் இருப்பதை மேசைமேல் எடுத்து வைத்தால் என்ன என்று எனக்குத்தான் தோன்றியது. கிழவியின் இறக்கை அவ்வளவு எடையைத் தூக்குமா என்றால் இயற்பியல். முட்டை ஏன் அத்தனை வருஷம் பொரியவில்லை என்றால் உயிரியல். மலைக்கோட்டையில் யார் யாரை ஏமாற்றி அரியணை ஏறினார்கள் என்றால் வரலாறு. இரண்டு கோடை விடுமுறையை அதற்குத் தின்னக் கொடுத்தேன். வகுப்பும் தொடங்கி நடந்துகொண்டிருந்தது. பாடத்திட்டக் குழு வந்து ஒரு வகுப்பைப் பார்க்கும்; பிடித்துவிட்டால் நிரந்தரப் பாடம். அந்த நேரத்தில்தான் அந்த இரண்டாவது கைப்பிடி.

வகுப்பை என்னிடமிருந்து எடுத்து வரலாற்றுத் துறையில் ஒருவனிடம் கொடுத்தார்கள். அந்த ஒருவன் யார் என்றால், என் மனைவியின் தம்பி. எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்து, எங்கள் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, 'பேராசிரியருங்க குழந்தைக் கதையைத் தூக்கிக்கிட்டு அலையலாமா மாமா' என்று என்னைக் கேலி செய்தவன்.

முதல்வர் அம்மையாரிடம் போய் நின்றேன்.

"தீதான் காரணமா மேடம்?"

"தீயும் ஒரு விஷயம்தான் சார்."

"வேற என்ன விஷயம்?"

"நிர்வாகக் காரணம்."

"அந்த நிர்வாகக் காரணத்துக்குக் கையும் காலும் இருக்கா? வரலாறு எடுக்குமா?"

"டீ சாப்பிடுறீங்களா?"

டீ வந்தது. பதில் வரவில்லை. அலுவலகத்தில் கேட்டால் மேலே கை காட்டினார்கள். மேலே இருந்தது மின்விசிறி. வீட்டில் மனைவியிடம் கேட்டேன். அவள் பல் மருத்துவர். வாயைத் திறக்கச் சொல்வதுதான் தொழில், ஆனால் தம்பி விஷயத்தில் தன் வாயைத் திறக்கமாட்டாள். "உங்களுக்கும் அவனுக்கும் நடுவுல என்னை இழுக்காதீங்க. அவன்கிட்டயே கேளுங்க" என்றாள்.

அவனிடம் கேட்பதா? அவனைக் கேட்கக்கூடாது. அவனைப் பிள்ளைகள் கேட்க வேண்டும், குழுவின் முன்னால், எழுந்து நின்று, விரலை நீட்டி. அதைப் பார்த்துக்கொண்டு நான் மிட்டாய் சப்ப வேண்டும். குளிக்கும்போது, பஸ்ஸில், விடைத்தாள் திருத்தும்போது, எப்போதும் இதே நினைப்பு. ஒரு பையனுக்கு இரண்டு மதிப்பெண் கூடுதலாகப் போட்டுவிட்டேன். அவன் கையெழுத்தைப் பார்த்ததும் மைத்துனன் அசடு வழிவது ஏனோ கண்ணில் தெரிந்தது.

வாய்ப்பு தானாக வந்து என் எதிரில் உட்கார்ந்தது. சாப்பாட்டு மேசையில், தட்டோடு.

"மாமா, அந்த டிராகன் கதையைச் சொல்லுங்களேன்" என்றான்.

"குழந்தைக் கதைன்னு சொன்னியே மாப்ளே?"

"குழந்தைங்களுக்குத்தானே எடுக்கப்போறேன். உங்க வாயால கேட்டா நல்லா இருக்கும்."

வகுப்பையும் பிடுங்கிக்கொண்டு கதையையும் கேட்கிறான். எனக்குள் ஏதோ ஒன்று சாந்தமாகப் புன்னகைத்தது. "அதுக்கென்ன மாப்ளே, இன்னொரு முட்டை வச்சுக்கோ" என்றேன். மனைவி திரும்பிப் பார்த்தாள்.

முதல் இரண்டு பாகத்தையும் சுத்தமாக, ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னேன். நஞ்சை வைக்க முதலில் நல்ல பாத்திரம் வேண்டும். மூன்றாம் பாகத்துக்கு வந்தேன்.

"பனிக் கணவாயில பெரிய சண்டை. கிழவிக்கு விலாவுல ஈட்டி பாயுது. உறைஞ்சுபோன ஏரிமேல போய் விழறா. ஐஸ் உடைஞ்சு உள்ள போயிடறா."

இதுவரைக்கும் புத்தகத்தில் உள்ளதுதான்.

"அப்புறம்?" என்றான்.

"அப்புறம் என்ன, செத்துடறா. ராத்திரியோட ராத்திரியா விறைச்சுப் போயிடறா. மிச்ச மூணு பாகமும் அவ முட்டைக்காக நடக்கிற சண்டைதான்."

கிழவி சாகவில்லை. நான்காம் பாகத்தின் முதல் பக்கத்திலேயே பனியை உடைத்துக்கொண்டு வெளியே வருவாள். ஆறாம் பாகத்தின் கடைசி வரியில்கூட மூச்சு விட்டுக்கொண்டுதான் இருப்பாள். இதைத் தப்பாகச் சொல்கிறவனை அந்தப் பிள்ளைகள் உயிரோடு விடமாட்டார்கள். அவன் சாப்பிடுவதை நிறுத்தி என்னையே கொஞ்சநேரம் பார்த்தான்.

"பாவம்" என்றான்.

"ஆமா மாப்ளே, எனக்கும் அந்த இடத்துல கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

அவன் மாடிக்குப் போனதும் மனைவி தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "நீங்க நல்லவரா நடந்துக்கிட்டா எனக்குப் பயமா இருக்குதுங்க."

"உன் தம்பிக்கு உதவி செய்யக்கூடாதா?"

"பல்லைக் காட்டாதீங்க. எந்தப் பல்லு பொய் சொல்லுதுன்னு எனக்குத் தெரியும்."

குழு வந்த நாளில் வகுப்பு அதே அரங்கில்தான். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். பார்ப்பதற்கு முன்வரிசைதான் சரி. ஆனால் சிரிப்பை மறைக்கப் பின்வரிசைதான் வசதி. சட்டைப்பையில் மிட்டாய் தயார். குழுவில் மூன்று பேர். தலைவி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, சீக்கிரம் முடிந்தால் தேவலை என்ற முகத்தோடு இருந்தார். மாற்றிய புதுத் திரைக்குப் பக்கத்தில், ஒற்றைப் புருவத்தோடு நிறுவனரும் இருந்தார்.

மைத்துனன் மேடை ஏறினான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"மூணாம் பாகத்துல கிழவி செத்துப்போயிட்டா" என்றான்.

பிள்ளைகள் போட்ட கூச்சலில் கூரை பறந்தது. நான் மிட்டாயைப் பிரித்தேன். வாழ்க்கையில் சில மிட்டாய்களுக்குத்தான் அப்படியொரு இனிப்பு அமையும்.

"சார், நீங்க புக்கைப் படிச்சீங்களா இல்லையா?" என்று எழுந்தாள் ஒருத்தி. வகுப்பில் அவள் பெயர் 'வாலு'. என் வகுப்பில் எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பாளே தவிர ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. "நாலாம் பாகத்துல அவ ஐஸை உடைச்சுக்கிட்டு வெளிய வர்றா சார்!"

இதோ, விழப்போகிறான். நான் முன்னால் சாய்ந்தேன்.

"வெளிய வந்தது அவதான்னு யார் பாத்தா?" என்றான் அவன்.

"ஒத்தைக் கண்ணு சார்!"

"எந்தக் கண்ணு?"

"இடது!"

"மூணாம் பாகத்துலயும் இடதா? படிச்சுக் காட்டு. டிராகன் செத்துட்டான்னா ராஜ்யம் கவுந்துடும். செத்ததை மறைச்சு வேற ஒரு டிராகனைக் கொண்டுவந்து நிறுத்தினா யாருக்கு லாபம்? நான் சொல்றதை நம்ப வேண்டாம். தப்புன்னு நிரூபிங்க."

சமாளிக்கிறான் என்று நினைத்தேன். ஆனால் மேசைக்கடியிலிருந்து புத்தகங்கள் மேலே வந்தன. நாற்காலிகள் திரும்பின. சாவுச் செய்தி கொண்டுவந்த காக்கை மறுநாள் விடியலில் அரண்மனைக்கு வந்தது என்று ஒருவன் படித்தான். இரண்டாம் பாகத்தில் அதே காக்கைக்கு அதே வழியில் மூன்று நாள் ஆயிற்றே என்று இன்னொருத்தி கத்தினாள். "அப்ப செய்தி சண்டைக்கு முன்னாடியே கிளம்பிடுச்சுடா! எவனோ திட்டம் போட்டிருக்கான்!" வரைபடம் பலகையில் ஏறியது. கிழவியின் உடல் கிடைக்காமல் வாரிசு எப்படி முடிசூடலாம் என்று ஒரு பையன் சட்டம் பேசினான். தலைவியின் கைப்பை மடியிலிருந்து தரைக்கு இறங்கியிருந்தது.

என் வாயில் மிட்டாய் கசந்தது.

"சரி, காக்கையை விடு" என்றான் மைத்துனன். "ஏரித்தண்ணியில ஒரு ராத்திரி கிடந்தா விறைச்சுப் போகாதா?"

வாலு பலகைக்கே போய்விட்டாள். "போகாது சார். சாம்பல் சார் மாவு வச்சுக் காட்டினாரே? தூள்னா வெளிப்பக்கம் அதிகம், சட்டுனு எரியும். குவியல்னா எரியாது. சூடும் அப்படித்தானே வெளியேறணும்? கிழவி அவ்வளவு பெரிய உடம்பு. அந்த உடம்புக்குத் தோலு கம்மி. மெதுவாத்தான் ஆறுவா."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். எரிப்பதற்காக நான் சொன்னதை இந்தப் பெண் ஆறுவதற்குத் திருப்பிப் போட்டிருக்கிறாள். அதை நான் சொல்லித் தரவேயில்லை. கண் கரித்தது, மிட்டாயில் ஏதோ கோளாறு.

அவள் ஒரு மனித உடல் குளிர்காற்றில் ஆறுவதை வைத்துக் கிழவிக்குக் கணக்குப் போட ஆரம்பித்தாள். காற்று! ஏரிக்குள் எங்கேயம்மா காற்று? அது தப்பு. தப்பாகவே போகட்டும், அவன் வகுப்புதானே, குழு பார்க்கட்டும், மூக்கு உடையட்டும் என்று பல்லைக் கடித்தேன். அடுத்த வரியை எழுதினாள். அதுவும் தப்பு.

"தண்ணிம்மா! தண்ணி! காத்தைவிடத் தண்ணி பல மடங்கு வேகமாச் சூட்டை உறிஞ்சும்!"

கத்தியது நான்தான் என்பது எல்லோரும் திரும்பிப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. மைத்துனன் சாக்பீஸை நீட்டினான். வேண்டாம் என்று சொல்லத்தான் எழுந்தேன். நடந்து போய் வாங்கிக்கொண்டேன். வாலு நகர்ந்து இடம் விட்டாள், ஆனால் நான் எழுத எழுத, "ஏன் சார்? எப்படி சார்? அவ வயித்துக்குள்ள நெருப்பு இருக்கே, அதைச் சேக்கலையே சார்?" என்று விடாமல் துளைத்தாள். எனக்கே இரண்டு இடத்தில் பதில் தெரியவில்லை. தெரியாது என்றேன். அந்தச் சொல்லை வகுப்பில் நான் சொன்னது அதுதான் முதல்முறை. யாரும் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்கள்.

கிழவி விடியும்வரை தாங்கியிருப்பாள் என்று கணக்கு வந்தபோது வகுப்பே எழுந்து நின்று கத்தியது. குழுத் தலைவி நான்காம் பாகத்தை இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். போகும்போது முதல்வரிடம், "இதை நிரந்தரமாக்கிடலாம்" என்றார்.

என் பழிவாங்கல் அப்படி முடிந்தது. குழி தோண்டியவன் நான்; அதில் செடி நட்டுப் பூப்பறித்துக்கொண்டு போனவன் அவன்.

வராந்தாக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவனும் வந்து பக்கத்துக் குழாயைத் திறந்தான். இரண்டு பேர் கையிலிருந்தும் சுண்ணாம்புத் தண்ணீர் வழிந்தது.

"நல்லாச் சமாளிச்சே மாப்ளே."

"சமாளிக்கல மாமா. கிழவி சாகமாட்டான்னு எனக்குத் தெரியும். ஆறு பாகமும் படிச்சிருக்கேன்."

குழாயை மூட மறந்தேன். "அப்புறம் எதுக்குடா அன்னைக்கு எங்கிட்ட கதை கேட்டே?"

"நீங்க சொன்னா நல்லா இருக்கும்னுதான். நிஜமாவே. மூணாம் பாகத்துல கவுத்தீங்க பாருங்க, முதல்ல தட்டைத் தூக்கி அடிக்கலாம்னு வந்துச்சு. மாடிக்குப் போய் யோசிச்சேன். இவ்வளவு நல்ல பொய்யை வீணாக்கக் கூடாதுன்னு தோணுச்சு."

வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் அந்த முள் அங்கேயேதான் இருந்தது. முதல்வரிடமும் அலுவலகத்திலும் வீட்டிலும் கேட்டுத் தேய்ந்துபோன கேள்வியைக் கடைசியில் உரியவனிடம் கேட்டேன்.

"வகுப்பை ஏன்டா எங்கிட்டேருந்து பிடுங்கினே? தீயைச் சொல்லாதே. நிர்வாகம்னு சொல்லாதே. டீ வேண்டாம்."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான்.

"தீக்கு முன்னாடியே நான்தான் போய்க் கேட்டேன் மாமா. உங்க வகுப்புல உங்களுக்குத் தெரியாம கடைசி வரிசையில உக்காந்து பாத்தேன், நாலஞ்சு தடவை. எல்லாரும் சிரிச்சாங்க. ஒரு பிள்ளையாவது வாயைத் திறந்து ஒரு கேள்வி கேக்க நீங்க விட்டீங்களா? விடல. அதான்."