ரெண்டு எழுத்து, ஒரு என்டர்

நன்றாக ஓடுகிற ஒன்றைப் பிரித்துப் பார்க்காமல் இருக்க அக்காவால் முடியாது. அது அவளுடைய திறமை. அதுவேதான் வியாதியும். அந்தத் திங்கட்கிழமை காலை அந்த வியாதி கூடப்பிறந்த தம்பியின் வேலைக்கே உலை வைத்தது.

தம்பியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அலுவலகத்தில் அவனுக்குப் புயல் என்று பெயர். கீபோர்டின் முன்னால் அவன் உட்கார்ந்தால் பக்கத்து மேஜைக்காரர் காதைப் பொத்திக்கொள்வார், அப்படி ஒரு வேகம். போன மழைக்காலத்தில் வண்டி சறுக்கி விழுந்தான். இடது கை தோளிலிருந்து தொங்கிப் போயிற்று. வலது கையில் ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த கூட்டாளி ஒருவன் பழக்க தோஷத்தில், "என்ன புயல், எப்படி இருக்க?" என்று கேட்டுவிட்டான். "இனிமே அந்தப் பேரைச் சொன்னா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்," என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான் தம்பி. அதன் பிறகு வீட்டில்கூட யாரும் அந்தப் பெயரை எடுக்கவில்லை.

அலுவலகத்துக்காரர்கள் பதமாகத்தான் பேசினார்கள். ஒரு நாள் வா, உன் பழைய இடத்தில் உட்கார், ஒரு வேலை தருகிறோம், மதியச் சாப்பாட்டு மணிக்குள் முடி. முடித்தால் அந்த நாற்காலி உனக்கு. முடியாவிட்டால் வாடிக்கையாளர்களின் ஃபோனை எடுக்கும் பிரிவுக்குப் போய்விடு. "புரோகிராம் எழுதுற ஆளு, ஹலோ ஹலோன்னு சொல்லிட்டு உக்காரணுமா? அதுக்கு வீட்டுலயே கெடக்கறேன்," என்றான் அம்மாவிடம். சொன்னால் சொன்னபடி செய்கிற ஆள் அவன். அந்த நாற்காலி போனால் அவன் மறுபடி வீட்டை விட்டு வெளியே வரமாட்டான் என்பது அம்மாவுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

அக்காவின் பிழைப்பும் கம்ப்யூட்டர்தான். புரோகிராம் எழுதுபவர்கள் பயன்படுத்தும் எடிட்டர் ஒன்றைச் செய்கிற இடத்தில் வேலை. இரண்டு எழுத்தைத் தட்டியதுமே, நீ சொல்ல வந்தது இதுவா, அதுவா என்று மீதியை ஊகித்து ஒரு பட்டியலை நீட்டுமே, அந்தப் பகுதி அவள் பொறுப்பு. புரோகிராமில் வரும் பெயர்கள் ரயில் மாதிரி நீளமானவை, பெட்டி பெட்டியாகக் கோர்த்தவை. பழைய முறையில் எஞ்சினிலிருந்து ஆரம்பித்து வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தால்தான் பட்டியல் புரிந்துகொள்ளும். பத்து விரல் உள்ளவனுக்கு அது பரவாயில்லை. இரண்டு விரல் உள்ளவன் என்ன செய்வான்?

அக்கா அதைத் தம்பிக்காகவே மாற்றினாள். பெட்டிக்கு ஒரு எழுத்துப் போதும். 'அட்ரஸ் செக்' என்ற பெயர் வேண்டுமா, ஆங்கில ஏ ஒன்று, சி ஒன்று, அவ்வளவுதான். நடுவில் விட்டுப்போன எழுத்துகளை எடிட்டர் தானே நிரப்பிக்கொள்ளும். ஆள்காட்டி விரல் எழுத்துக்கு, கட்டை விரல் என்டருக்கு. தம்பி முதலில் முறைத்தான், பிறகு விடாப்பிடியாக உட்கார்ந்து பழகினான். ரெண்டு எழுத்து, ஒரு என்டர். டக் டக், டொக். அடுத்த அறையில் அம்மா காய் நறுக்கிக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்பாள். "ஓடுதுடி," என்பாள், பழுதான மிக்ஸி ஓடத் தொடங்கியது போல.

இதோடு நிறுத்தியிருக்கலாம். அக்காவின் கை சும்மா இருந்தால்தானே! ஞாயிற்றுக்கிழமை மதியம், தம்பி தூங்கும் நேரத்தில், அவன் இத்தனை நாள் தட்டியதன் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தாள். கடைசியாக எந்தப் பெயரைத் தொட்டானோ அதையே பட்டியலின் உச்சியில் கொண்டுவந்து வைத்தால் தட்டுகள் இன்னும் குறைகின்றன. அக்காவுக்கு வாயெல்லாம் பல். திங்கள் காலை தம்பியின் லேப்டாப்பைப் பையில் வைப்பதற்கு முன் அந்த மாற்றத்தை அதில் ஏற்றிவிட்டாள். தம்பியிடம் சொல்லவில்லை. அவனே கண்டுபிடித்து அசந்து போகட்டும் என்று ஒரு ஆசை.

பரீட்சை நாளில் பேனாவை மாற்றாதே என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடச் சொல்லித் தருகிறோம். இவள் அடுத்தவர்களுக்கு அதையே சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள்!

தம்பியின் பழைய மேஜை ஜன்னலோரம் இருந்தது. எதிரே மேனேஜர் அம்மாள் உட்கார்ந்தார், பக்கத்தில் குழுத் தலைவர் நின்றார். தலைவர் மூக்கின் நுனியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு அதற்கு மேலாகவே உலகத்தைப் பார்க்கிறவர். துணைக்கு வந்த அக்கா ஒரு ஓரத்தில் உட்காரலாம், தம்பிக்குத் தண்ணீர் கொடுக்கலாம். கீபோர்டைத் தொடக் கூடாது, வேலையைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் பரீட்சை அதோடு முடிந்தது என்று மேனேஜர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

வேலை இதுதான். வீடு மாறுகிற வாடிக்கையாளர்களுக்கு இணைய இணைப்பு சில சமயம் தானாகவே நின்றுபோகிறது. எங்கே தப்பு என்று கண்டுபிடித்து, இணைப்பை மூடுவதற்குப் பதில் புது விலாசத்தைச் சரிபார்க்கச் செய்ய வேண்டும். தம்பி படித்தான். உதட்டைக் கடித்தான். தப்பு இருக்கிற இடம் அவனுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. 'அக்கவுண்ட் க்ளோஸ்' என்ற பகுதியைத் தேடித் திறந்து, அதைத் தேவையில்லாமல் கூப்பிடுகிற வரிகளை எடுத்தான். தலைவரின் கண்ணாடி ஒரு நூல் அளவு மேலே ஏறியது.

இப்போது அந்த வரிகள் இருந்த இடங்களில் எல்லாம் 'அட்ரஸ் செக்' வர வேண்டும். தம்பி புரோகிராமின் மேல் வரியில் கண்ணை வைத்துக்கொண்டு தட்டினான். டக் டக், டொக். அடுத்த இடம். டக் டக், டொக். பட்டியலை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? ஏ, சி என்று தட்டினால் முதல் வரி 'அட்ரஸ் செக்'. இத்தனை நாளும் அது இடம் மாறியதே இல்லை. அக்கா அந்தத் தாளத்தைக் கேட்டு மனசுக்குள் பூரித்துப் போய் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு திரையைப் பார்த்தாள்.

ஏ, சி. அந்த இரண்டு எழுத்துக்கு 'அக்கவுண்ட் க்ளோஸ்' என்ற பெயரும் பொருந்தும். அதைத்தான் அவன் கடைசியாகத் தொட்டிருந்தான். அவள் சொல்லிக்கொடுத்தபடியே எடிட்டர் அதைத் தூக்கிப் பட்டியலின் உச்சியில் வைத்துவிட்டது. சரிபார்க்க வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் மூடு, மூடு, மூடு என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறான் பாவி மகன்.

"ஓட்டிப் பாக்கறேன்," என்றான் தம்பி. நிஜ வாடிக்கையாளர்கள் மேல் இல்லை, வெள்ளோட்டத்துக்கு என்று வைத்திருக்கும் நகலில்தான். திரை முழுக்கச் சிவப்பு. தலைவர் குனிந்து பார்த்துவிட்டு, "வீடு மாறுன அத்தனை பேருக்கும் இணைப்பைப் புடுங்கிட்டீங்க தம்பி. முன்னாடி சில பேருக்குத்தான் போச்சு," என்றார். கேலி இல்லை, நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது.

தம்பி தான் எழுதிய வரிகளைப் பார்த்தான். தவறான பெயரைக் கண்டான். முகம் சுண்டிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி தட்டினான். டக் டக், டொக். மறுபடியும் 'அக்கவுண்ட் க்ளோஸ்'. அதுதானே இப்போதும் கடைசியாகத் தொட்டது! அழித்தான், தட்டினான், மறுபடியும் அதுவே வந்தது. தம்பி நிறுத்திவிட்டுத் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தான். பட்டியலைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தான். தன் வீட்டிலேயே திருடியவனைப் பார்ப்பதுபோல வெறித்துப் பார்த்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட ஆரம்பித்தான். விரல் பக்கத்து எழுத்தில் விழுந்தது, அழித்தான், மறுபடி விழுந்தது. நெற்றியில் வேர்த்தது. மேனேஜர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "அவசரம் இல்ல," என்றார் தலைவர். அவசரம்தான் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா கணக்குப் போட்டாள். வாயைத் திறந்தால் பரீட்சை போச்சு. திறக்காவிட்டாலும் போகத்தான் போகிறது. நாற்காலி போனால்கூட எங்கேயாவது இன்னொன்று தேடலாம். தன் விரல் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று நம்பிக்கொண்டு அவன் வீடு திரும்பினால், அதற்கு மருந்து எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது. போயும் போயும் இதற்காகவா வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும்?

"டேய், உன் விரல் மேல தப்பில்லடா," என்று எழுந்தேவிட்டாள். "பட்டியல்தான் எடம் மாறுது. கடைசியா தொட்டது மேல வர்ற மாதிரி காலைல நான்தான் மாத்தி வெச்சேன். உன்கிட்ட சொல்லல."

தம்பி மெதுவாகத் திரும்பினான். "இன்னிக்குக் காலைலயா?" என்றான். "இன்னிக்கா மாத்தின?"

"நல்லதுன்னு நெனச்சுதான்..."

"நான் தட்டுறத ஒரு நாளாவது பக்கத்துல உக்காந்து பாத்திருக்கியா நீ?"

அக்கா பதிவுகளைப் பார்த்திருக்கிறாள், தட்டுகளை எண்ணியிருக்கிறாள். அவன் கண் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"மேடம், துணைக்கு வந்தவங்க பேசிட்டாங்க," என்றார் தலைவர். "அப்ப முடிஞ்சுதுன்னுதானே அர்த்தம்?"

மேனேஜர் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டு யோசித்தார். அந்தச் சத்தம் அக்காவின் மண்டைக்குள் இறங்கியது. "வேலையைப் பத்தி அவங்க ஒண்ணும் சொல்லல. உடைஞ்ச நாற்காலியைக் கொடுத்திருந்தா உடைஞ்சிருக்குன்னு சொல்லத்தானே செய்வாங்க," என்றார் கடைசியில். "ஆனா இதுக்கு மேல நீங்க இங்க இருக்கக் கூடாதும்மா. வெளியில போங்க. தம்பி, நேரம் அதேதான், கூட்டித் தர மாட்டேன். அவங்க செஞ்சத நீங்களேதான் எடுக்கணும்."

அக்கா அறைக்கு வெளியே நடைபாதையில் வந்து நின்றாள். கதவு பால்நிறக் கண்ணாடி, உள்ளே ஒன்றும் தெரியாது. சத்தம் மட்டும் கேட்டது. அவள் செய்த மாற்றத்தை எடிட்டருக்குள் அவன் தேடிப் பிடித்து நீக்க வேண்டும். அதற்கும் அதே நகரும் பட்டியலோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். ஒரு தட்டு கேட்டது, பிறகு நீண்ட மௌனம், பிறகு இன்னொரு தட்டு.

ஃபோன் அடித்தது. அம்மா.

"என்னடி ஆச்சு? முடிச்சுட்டானா?"

"இன்னும் இல்லம்மா. நான் வெளியில நிக்கறேன்."

"நீ எதுக்கு வெளியில நிக்கற?" என்றாள் அம்மா. "எதையாவது நோண்டினியா?"

பெற்றவளிடம் என்னத்தை மறைப்பது? "ஆமாம்மா," என்றாள் அக்கா. மூக்கை உறிஞ்சினாள்.

"சரி, அழாத. ஃபோனை வைக்காத. சத்தம் கேக்குதா பாரு."

அக்கா கண்ணாடிக் கதவில் காதை வைத்தாள். போகிற வருகிறவர்கள் இவளை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். உள்ளே மௌனம், பிறகும் மௌனம். விட்டுவிட்டானா? எழுந்துவிட்டானா? காதை இன்னும் அழுத்தினாள்.

டக் டக். டொக்.

கொஞ்சம் நிதானம். டக் டக், டொக். பிறகு மூச்சு விடாமல் டக் டக் டொக், டக் டக் டொக் என்று பழைய மிக்ஸி ஓட ஆரம்பித்தது. அக்கா ஃபோனைக் கதவோடு சேர்த்துப் பிடித்தாள். "ஓடுதுடி," என்றாள் அம்மா மறுமுனையில்.

சாப்பாட்டு மணி அடித்தது. தட்டுகிற சத்தம் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நின்றிருந்தது. கதவு திறந்து தம்பி வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்தில் ஒன்றையும் படிக்க முடியவில்லை.

"என்னடா சொன்னாங்க?"

"நீ வீட்டுக்குப் போ."

"டேய், என்ன ஆச்சுன்னு சொல்லுடா."

"சாயங்காலம் வரைக்கும் எனக்கு வேலை இருக்கு. ஆபீஸ் பசங்களோட சாப்பிடப் போறேன். நீ போக்கா," என்றான். இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பினான். "உன்ன வந்து வெச்சுக்கறேன்."

பஸ்ஸில் பாதி வழி வருகையில் ஃபோன் சிணுங்கியது. அவள் வேலை செய்கிற எடிட்டரில் குறை இருந்தால் யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம், அது பொறுப்பாளருக்கு நேராக வந்துவிடும். ஒன்று வந்திருந்தது. 'பட்டியல் இடம் மாறுகிறது. கை பழகிய பிறகு வரிசையை நகர்த்தக் கூடாது. மாற்றுவதற்கு முன் பயன்படுத்துபவரைக் கேட்கவும். மிக அவசரம்.' எல்லாம் முறைப்படி, அக்கா என்ற சொல்கூட இல்லாமல் எழுதியிருந்தான்.

புகார் கொடுத்தவர் பெயர் என்ற இடத்தில் மட்டும் ஒரே ஒரு சொல் இருந்தது. புயல்.

அக்காவுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. பஸ் என்றுகூடப் பார்க்காமல் விசும்பி அழுதாள். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தார். "என்னம்மா, ஏதும் கெட்ட சேதியா?"

"இல்லங்க," என்றாள் அக்கா, மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடியே. "என் தம்பி என் மேல புகார் கொடுத்திருக்கான்."

அந்த அம்மாள் பிடித்த கையை மெல்ல விட்டுவிட்டு, ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.