பெடலை இன்னும் கொஞ்சம் இறக்கு

ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாக யூசுப்பின் மெக்கானிக் கடைக்குள் தன் பைக்கை ஏற்றி நிறுத்தினார் சங்கரலிங்கம்.

"எந்தா அண்ணாச்சி, பின்னயும் பிரேக்கா?"

"பெடல் ஒசரமா நிக்குடே. கால் சும்மா போய் முட்டுது. வண்டி இழுக்கவே மாட்டேங்குது. பின்னால வாரவனெல்லாம் ஆரன் அடிக்கான். இன்னும் கொஞ்சம் எறக்கு."

கொச்சி மட்டாஞ்சேரியில் அவர் வண்டியை அறியாத சாயாக்கடை இல்லை. மனைவி ஆவுடையம்மாள் ஆட்டும் இட்லி மாவை வாளிகளில் நிரப்பி வண்டியில் கட்டி, காலையில் தோப்பும்படி ஜங்ஷன் வரை கொண்டுபோய்க் கொடுப்பவர் அவர்தான். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது. அவர் வண்டி ஓடும்வரைதான் அந்த வீட்டில் கிரைண்டர் ஓடும். மாவு இருக்கும் வண்டியில் செருப்புக் காலோடு ஏறக்கூடாது என்பது ஆவுடையம்மாளின் சட்டம். மழையோ வெயிலோ, மனுஷன் வெறுங்காலோடுதான் பிரேக்கை மிதிப்பார்.

அவருக்குச் சர்க்கரை. போன வருஷம் பாதமெல்லாம் எரிந்து, தூக்கம் கெட்டுக் கிடந்தார். பாகற்காய்ச் சாறு குடிக்கத் தொடங்கினார். எரிச்சல் மெல்ல மெல்லப் போயே போய்விட்டது. அத்தோடு மாத்திரையையும் தூக்கிப் போட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டச் சொன்ன ஆவுடையம்மாளை வாயாலேயே அடக்கினார். பிறகு கேட்கவா வேண்டும்? எவனாவது சர்க்கரை போடாத சாயா கேட்டுவிட்டால் போதும், பாகற்காய்ப் புராணம் ஆரம்பமாகிவிடும்.

"ஒங்க வாப்பாவுக்கும் சொல்லுடே. ஒரே வருஷம். எரிச்சல் போன எடம் தெரியல. இப்ப பஞ்சுல நடக்க மாதிரி சொகமா இருக்கு."

யூசுப் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். பேச்சில் பாதி மலையாளம். "செரி, செரி" என்றபடி குந்தி உட்கார்ந்து, பெடலைத் தாங்கும் போல்ட்டைத் தளர்த்தி ஒரு விரற்கடை இறக்கினான். பின்சக்கரத்து நட்டைத் திருகி, பிரேக் பிடிப்பதற்குமுன் பெடல் கொஞ்சம் ஆட இடம் விட்டான். சக்கரத்தைக் கையால் சுழற்றினான். தடங்கலில்லாமல் சுற்றியது.

"ஏறி இருங்க. சாவியப் போடுங்க."

சங்கரலிங்கம் ஏறினார். வெளியே மழை மூட்டம், கடைக்குள் இருட்டு. சாவியைத் திருப்பியதும், வண்டிக்குப் பின்னாலிருந்த சுண்ணாம்புச் சுவர் பிரேக் விளக்கில் சிவந்தது.

"பிரேக்குல இருந்து கால எடுங்க."

"எடுத்தாச்சு."

சுவர் சிவப்பாகவே இருந்தது.

"அண்ணாச்சி, எடுங்க."

"எடுத்துட்டேன்னு சொல்லுதேம்லா. ஒன் சுவிட்சப் பாரு மொதல்ல."

யூசுப் சுவிட்சைப் பார்க்கவில்லை. அவர் காலைப் பார்த்தான். வலது பாதம் முழுப் பாரத்தோடு பெடல் மேலேயே இருந்தது. இரண்டு கையாலும் அதைத் தூக்கினான். சுவரில் சிவப்பு அணைந்தது.

பெடலின் இரும்புப் பற்களில் ஏதோ அப்பியிருந்தது. கிரீஸ் என்றுதான் இத்தனை நேரம் நினைத்திருந்தான். விரலில் எடுத்து மோந்தவன் முகத்தைச் சுளித்தான். பாதத்தைத் திருப்பிப் பார்த்தான். பெருவிரலுக்குக் கீழே, பற்கள் பதியும் இடத்தில், விரல் நுனி நுழையும் அளவுக்கு ஒரு குழி. ஓரமெல்லாம் கறுத்துக் கிடந்தது.

சங்கரலிங்கமும் குனிந்து பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் இருந்தது. விரட்டி அடித்ததாகப் பெருமை பேசிய அந்த எரிச்சல் இப்போதே திரும்பி வந்துவிடக்கூடாதா என்று ஏங்கினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும் அண்ணாச்சி. இப்பவே."

"போனா கால எடுத்துருவான்டே. பெறவு மாவ யாரு கொண்டுபோவா?" என்றார் சங்கரலிங்கம். "கால்ல உசுரு இருக்கு. ஏதோ மேலாப்புல மரத்திருக்கு, அவ்வளவுதான். வேணும்னா ஸ்பேனர வச்சுப் பாரு. நான் பாக்கல."

முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

யூசுப் ஸ்பேனரை எடுத்தான். அந்தப் புண்ணுக்குப் பக்கத்தில் இரும்பைக் கொண்டுபோக அவனுக்குக் கை வரவில்லை.

"தெரியுதா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டான்.

"தெரியுது," என்றார் சங்கரலிங்கம். "ஜில்லுனு இருக்கு."

ஸ்பேனர் யூசுப்பின் மடியில்தான் இருந்தது.