மேயரம்மாவின் மஞ்சள் நாற்காலி

பனி நின்ற காலையில், வீட்டு வாசலுக்கு நேரே தெருவோரத்தில் தன் காரைச் சுற்றியிருந்த பனியை வாரி முடித்தபோது பெர்னடெட் குபியாக்குக்கு இடுப்பு கழன்றுவிடும்போல இருந்தது. காரை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, சமையலறையிலிருந்து மஞ்சள் நாற்காலியைத் தூக்கி வந்து காலியான இடத்தின் நடுவில் வைத்தாள். வைத்த பிறகு அக்கம்பக்கம் பார்த்தாள், ஏதோ திருடியவள் மாதிரி.

ஹார்மன்ஸ்வில்லில் இது போதும். பனியை வாரியவர் நாற்காலி போட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்வரை அந்த இடம் அவருடையது. அதை நகர்த்துகிறவனோடு தெருவே பேச்சை நிறுத்திவிடும்.

இதைத்தான் அவள் முதன்முதலில் மேயரானதும் தடை செய்தாள். ஒரு தீயணைப்பு வண்டி நாற்காலிகளுக்கு நடுவே திணறியதைப் பார்த்த கோபம். நகராட்சி லாரிகள் நாற்காலிகளை அள்ளிப் போயின. அடுத்த நகரமன்றக் கூட்டத்துக்கு ஊரே ஆளுக்கொரு மடக்கு நாற்காலியோடு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் நடைபாதைவரை உட்கார்ந்திருந்தது. லாரிகள் அதோடு நின்றன. சட்டம் மட்டும் ஏட்டில் கிடந்தது. அதை மதித்தவள் ஊரிலேயே அவள் ஒருத்திதான். மேயராக இருந்த இருபது குளிர்காலமும் பனியை வாரினாள், இடத்தைப் பறிகொடுத்தாள், வீடு இருக்கும் மேட்டின் அடியில் காரை விட்டுவிட்டு நடந்து ஏறி வந்தாள்.

பறித்தவர் பெரும்பாலும் எதிர்வீட்டு ரூடி ஸ்வோபோடாதான். சின்ன வயதில் இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அவள் பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்தில், "ஏய் பெர்னி, ஹாரனை அமுக்காத, தூக்கம் கெடுது" என்று ஜன்னலிலிருந்து கத்துவார். தடை வந்த நாளிலிருந்து அவருக்கு அவள் 'மேயரம்மா', 'நீங்க'. அந்த மரியாதை அவளுக்குத் திட்டுபோலவே இருந்தது. உருக்காலை மூடியபோதும், பாலத்தைப் புதிதாகக் கட்டியபோதும், அவர் மனைவி இறந்து இவள் சூப்போடு போய் நின்றபோதும் அது மாறவில்லை. இன்று நண்பகலில் பதவி முடிகிறது. மறுபடி பெர்னியாகிவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. நாற்காலி அதற்காகத்தான். தெரு அதை விட்டுவைத்தால் அவளைச் சேர்த்துக்கொண்டது என்று அர்த்தம்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"மேயரம்மா, குட் மார்னிங். அது என்ன, நாற்காலியா?"

"கண்ணு தெரியலையா?"

"தெரியுது. புதுசா வர்ற பையன் எப்போ பதவி ஏத்துக்கிறான்?"

"பன்னெண்டு மணிக்கு."

"அப்போ பன்னெண்டு வரைக்கும் நீங்கதானே மேயர்? உங்க சட்டத்தை நீங்களே மீறலாமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. பிறகு சிரிப்பும் வந்தது. சொன்னது சரிதானே! நாற்காலியைத் தூக்கி வராந்தாவில் வைத்துவிட்டுக் காரில் ஏறினாள். பின்கண்ணாடியில், இடுப்பில் கைவைத்து அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார் ரூடி. போச்சு, இந்த வருஷமும் அவருக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

நகரமன்றத்தில் புது மேயர் பைபிள் மேல் கைவைத்து உறுதிமொழி சொன்னான். அவள் பேருந்தில் மூக்கை வழியவிட்டுக்கொண்டு வந்த பையன். சாவியைக் கொடுத்துவிட்டு, கேக்கைத் தின்றுவிட்டுக் கிளம்பினாள். மனம் லேசாகத்தான் இருந்தது. இடத்தை நினைத்தபோது மட்டும் கொஞ்சம் கனத்தது.

பழக்கதோஷத்தில் மேட்டின் அடியிலேயே இடம் தேடினாள். கிடைக்கவில்லை. காரை மெல்ல மேலே ஏற்றினாள்.

அவள் இடத்தின் நடுவில் மஞ்சள் நாற்காலி நின்றது. பக்கத்தில், காதுவரை தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் காபியோடு ரூடி.

"யார் போட்டது?" கண்ணாடியை இறக்கிக் கேட்டாள்.

"பன்னெண்டு அடிச்சதும் நான்தான் போட்டேன்."

"அதுவரைக்கும்?"

"நான்தான் இங்க நின்னேன். நாற்காலி போடக்கூடாதுன்னுதானே சட்டம்? ஆளு நிக்கக்கூடாதுன்னு இல்லையே. மூணு கார்க்காரனை விரட்டியிருக்கேன். மூக்கு விறைச்சுப் போச்சு." நாற்காலியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "என்ன பாத்துக்கிட்டே இருக்க? ரிவர்ஸ் எடு பெர்னி. பஸ் ஓட்டினவதானே நீ?"

அவள் ரிவர்ஸ் எடுத்தாள். கண்ணை என்னவோ மறைத்தது. பின்சக்கரம் பனிக்குவியலில் ஏறி இறங்கியது.

"லட்சணம்! எங்க பிள்ளைங்களை எல்லாம் உன்னை நம்பித்தான் அனுப்பினோம்" என்றார் ரூடி. "அப்புறம், என் வீட்டு முன்னாடி தெருவிளக்கு எரியல."

"புது மேயர்கிட்ட சொல்லு."

"அவன் நம்பர் யாருக்குத் தெரியும்? உன் நம்பர்தான் இருக்கு."

காரைவிட்டு இறங்கி, அவர் தோளிலிருந்த நாற்காலியை வாங்கிக்கொண்டாள். "உள்ள வா. சூப் சுடவைக்கிறேன். விளக்கு விஷயமா அப்புறம் பேசறேன்."